கட்டளையும் கட்டளைக்கல்லும்

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர், காலை முழுவதும் சேர்த்த பாலை வாளிகளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுவருகின்றனர். பாலின் கனவளவை அளந்துவிட்டால் அங்கே காரியம் முடிந்துவிடுவதில்லை. அதில் இறப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதை அறிய மெற்றோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இடுவர். கருவி எந்தக் கோடுவரை அமிழ்கிறதோ, அந்தக் கோட்டைக் கொண்டே தொழிலாளியின் அன்றைய கிலோக் கணக்கு எழுதப்படும். பாலின் சூடு மாறினாலும், நுரை மிகுந்தாலும், கருவியின் வாசிப்பு மாறும். வாசிப்பு சரிதானா என்று அறிய நேரான வழி ஒன்று உண்டு. சிறிது பாலைத் தனியே எடுத்து, அமிலமிட்டு உறையவைத்து, அழுத்தி, உலர்த்தி, நல்ல தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே, கருவி ஒன்று. அந்தக் கருவியைச் சோதிக்கும் முறை இன்னொன்று. முதலாவதைத் தொழிலாளி நாள்தோறும் காண்கிறான். இரண்டாவது தன் கண்முன் நடக்க வேண்டும் என்று கேட்பதற்கு அவனுக்குச் சங்கம் தேவைப்பட்டது.

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துத் தராசின் கதையும் இதுவே. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்பட்ட இறாத்தல்களைப் பற்றிய முறைப்பாடு, மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறெங்கும் கேட்கும் குரலாகும். அளவை என்பது வெறும் தொழில்நுட்பக் காரியமன்று, அது கூலியின் காரியம், நியாயத்தின் காரியம் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் அதை வயிற்றால் அறிந்தவர்கள்.

இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது இன்னோர் அளவையைப் பற்றி. தோட்டத்துப் பீலியிலும் ஓடையிலும் கிணற்றிலும் உள்ள நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஓர் எண்ணைப் பெறுகிறோம். ‘இந்நீர் குடிக்கத் தக்கது’ என்றோ, ‘இக்கழிவு ஆற்றில் விடத் தக்கது’ என்றோ அவ்வெண் தீர்ப்புக் கூறுகிறது. அந்த எண்ணைச் சோதிப்பவர் யார்? அந்தத் தராசுக்குத் தராசு எது?

தமிழில் ‘கட்டளை’ என்னும் சொல்லுக்கு ஆணை என்பது ஒரு பொருள். பொன்னை உரைத்து மாற்றுக் காணும் கல்லுக்குக் ‘கட்டளைக்கல்’ என்று பெயர். நாட்டின் தரங்களை வகுக்கும் நிறுவனத்துக்கும் ‘இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்’ என்றே தமிழ்ப் பெயர் அமைந்திருக்கிறது. தோட்டத்து மக்களின் வரலாற்றில் ஆணை என்ற பொருளில் கட்டளைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உரைத்துப் பார்க்கும் கல்தான் அவர்கள் கைக்கு எட்டவில்லை. நீர்ச் சோதனையின் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்தது என்பதை இங்கே காட்ட முயல்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது சப்ரகமுவ. சிவனொளிபாத மலைச்சாரலில் தோன்றும் களு கங்கை இரத்தினபுரியைக் கடந்து 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலைச் சேர்கிறது. களனி கங்கை கித்துல்கல, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல வழியே இறங்கி, கொழும்பு மாநகரத்துக்கே குடிநீராகிறது. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு இறப்பர் வேண்டியபோது, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைக் குன்றுகள் இறப்பர்க் காடுகளாயின. அக்காட்டில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1952இல் சீனத்துடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின் மூலம் இந்நாட்டு மக்கள் உண்ட சோற்றிலும் அந்த உழைப்பு இருந்தது.

இறப்பர்ச் செய்கைக்கு நீர் மிகுதியாக வேண்டும். பாலில் நீர் கலந்து, போமிக் அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கிக் கழுவுகின்றனர். உறைந்த இறப்பர் பிரிந்தபின் எஞ்சும் தெளிநீரில் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் அமிலமும் இருக்கின்றன. பாலை அடர்த்தியாக்கும் தொழிற்சாலைகளாயின் அமோனியாவும் கந்தக அமிலமும் சேரும். இக்கழிவு ஓடையில் விழுந்ததும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகுகின்றன. அவை மூச்சுவிடும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. மீன் சாகிறது, நீர் கறுத்து நாறுகிறது. தொழிற்சாலைக்குக் கீழே லயங்கள் இருந்தால், அங்குள்ள பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் அந்த ஓடையையே நாடவேண்டும்.

ஆனால் சோதனை என்னும் கண் முதலில் எங்கே விழுந்தது? தொழிலாளியின் உடல்மீதுதான். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்டங்களில் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தது. 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களில் நடத்தினர். 1917இல் திறக்கப்பட்ட மண்டபம் முகாமில், கடல் கடக்குமுன் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டுப் பின்னரே அனுப்பப்பட்டனர். இவற்றால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. கொள்ளைநோய் தோட்டத்துக்குள் வராமல் காக்க வேண்டியது அவசியமே. ஆயினும் நோயைச் சுமந்து வருபவன் என்று தொழிலாளி எண்ணப்பட்ட அளவுக்கு, நோயைக் கொடுக்கும் நீரைக் குடிப்பவன் என்று எண்ணப்படவில்லை.

இரண்டாவதாக அந்தக் கண் விழுந்தது சரக்கின்மீது. புகையூட்டிய இறப்பர்த் தாள்களைத் தரம் பிரிக்க உலகச் சந்தை ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. ஒவ்வொரு தரத்துக்கும் அதிகாரபூர்வமான மாதிரித் தாள்கள் வைக்கப்பட்டன. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் தகராறு நேர்ந்தால் மாதிரியோடு ஒப்பிட்டுத் தீர்த்துக்கொள்வர். இலாபம் எங்கே சம்பந்தப்பட்டதோ அங்கே ஒப்பளவுப் பொருள் விரைந்து வந்தது. அதே தாளைக் கழுவி வந்த நீருக்கு மாதிரியும் இல்லை, ஒப்பீடும் இல்லை.

இனி நீர்ச் சோதனை பிறந்த இடத்துக்குப் போவோம். சப்ரகமுவைக்கு வந்த அளவுகோல்கள் அங்கேதான் உருவாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வாந்திபேதி இலண்டன் நகரை வாட்டியபோது, நீரில் கெடுதியை எவ்வாறு காண்பது என்ற கேள்வி எழுந்தது. 1867–68இல் வாங்கிளின் என்ற இரசாயனர் ஒரு முறையைச் சொன்னார். பிராங்க்லண்ட் என்ற இரசாயனர் வேறொரு முறையைச் சொன்னார். இருவரும் அறிஞர்கள். ஒருவர் முறையை மற்றவர் ஏற்கவில்லை. இருதரப்புப் பூசல் ஆண்டுக்கணக்காக நீண்டது. ஒரே நீரை இருவர் இருவகையாக அளந்தால் நகரசபை எதை நம்பும்? தண்ணீர்க் கம்பனி தனக்கு அநுகூலமான எண்ணை நம்பும் என்பதே நடைமுறை.

இக்குழப்பத்திலிருந்து விடுபட இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, எல்லோரும் ஒரே முறையைக் கையாள்வது. 1905இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தார் நீர்ப் பகுப்பாய்வுக்கான நியம முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு, இன்றும் உலகத்து ஆய்வுகூடங்களின் மேசைமீது இருப்பது அந்நூலே. மற்றொன்று, உண்மை விடை முன்பே தெரிந்த ஒரு பொருளை எல்லோரும் சோதித்துப் பார்ப்பது. இதுவும் அதே காலத்தில் அமெரிக்காவில்தான் உருப்பெற்றது. ஆனால் நீருக்காக அன்று. வார்ப்பிரும்பு ஆலைக்காரர்கள் இரும்பில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்பதில் ஓயாமல் சச்சரவிட்டனர். 1905–06இல் அந்நாட்டுத் தேசிய அளவைப் பணியகம் நன்கு ஆராய்ந்த இரும்புத் துருவல்களைப் புட்டிகளில் அடைத்து வழங்கியது. ‘இதில் இன்னது இவ்வளவு உண்டு, உன் ஆய்வுகூடமும் அதையே காண்கிறதா என்று பார்’ என்பதே அதன் பொருள். இன்று சான்றிதழ் பெற்ற ஒப்பளவுப் பொருள் என்று வழங்கும் எல்லாவற்றுக்கும் முன்னோடிகளுள் ஒன்று அந்தத் துருவல் புட்டி. இங்கும் வியாபாரிகளின் தகராறே விஞ்ஞானத்தை முடுக்கியதைக் காண்கிறோம்.

1912ஆம் ஆண்டு நமக்கு முக்கியமானது. அவ்வாண்டு இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஒன்று, பிரித்தானிய அரச ஆணைக்குழு கழிவுநீர் பற்றி வெளியிட்ட எட்டாவது அறிக்கை. கழிவுநீர் ஆற்றின் ஒட்சிசனை எவ்வளவு உறிஞ்சும் என்பதை 5 நாள் வைத்து அளக்க வேண்டும் என்று அது வகுத்தது. உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்றும், சுருக்கமாகப் பி.ஓ.டி. என்றும் ஆய்வுகூடத்தார் சொல்லும் அளவை இதுவே. ஏன் 5 நாள்? பிரித்தானியத் தீவின் ஆறு எதுவும் தன் நீரைக் கடலில் சேர்க்க 5 நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதே காரணம் என்று சொல்லப்படுகிறது. வெப்பநிலையும் அந்நாட்டு ஆறுகளுக்குப் பொருந்தியதே. பிற்காலத்தில் அது 20 பாகை சென்ரிகிரேட் என்று நிலைபெற்றது. ஒரு குளிர்நாட்டு ஆற்றின் உருவம் இவ்வாறு உலகம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று.

மற்றையது, இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கிளெமெஷா என்பவர் வெப்பநாட்டு நீர்நிலைகளின் பற்றீரியாவைப் பற்றிக் கல்கத்தாவில் வெளியிட்ட நூல். கடும் வெயிலும் பெருமழையும் உள்ள நாட்டில் நுண்ணுயிர்கள் வாழ்வதும் மடிவதும் வேறுவகையில் நிகழ்கின்றன. இங்கிலாந்தின் அளவுகோலை அப்படியே எடுத்து இந்திய நீரின்மீது வைக்கலாகாது என்று அவர் வாதித்தார். அவரும் ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தர்தான். ஆயினும் நீரை நேரில் கண்டவர் என்பதால் அவருக்கு அது புலப்பட்டது.

இந்த வாதம் வெறும் ஏட்டுச் சண்டையன்று. சப்ரகமுவையின் தாழ்ந்த குன்றுகளில் ஓடைநீர் பகலில் 25 பாகையையும் தாண்டுகிறது. சூடு மிகுந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து உண்கின்றன. அங்கே 5 நாளில் நிகழ்வது இங்கே ஏறத்தாழ 3 நாளில் நிகழ்ந்துவிடும். இதை உணர்ந்தே இந்தியா 27 பாகையில் 3 நாள் என்றும், மலேசியா 30 பாகையில் 3 நாள் என்றும் தம் அளவையை மாற்றிக்கொண்டன. இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 20 பாகையில் 5 நாள் அல்லது 27 பாகையில் 3 நாள் என இரண்டையும் ஏற்கின்றன. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்குப் பொது எல்லை இலீற்றருக்கு 30 மில்லிகிராம். இறப்பர்த் தொழிற்சாலைகளுக்கு 1990 முதலே அந்தப் பொது எல்லையினும் தளர்ந்த தனி எல்லைகள் உண்டு.

இனி ஆய்வுகூடத்துக்குள் நுழைவோம். பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய சோதனைதான் இது. ஒரு புட்டியில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி மூடுகிறார்கள். முதல் நாளில் அதில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது, இருட்டில் குறித்த நாள் வைத்தபின் எவ்வளவு எஞ்சியது என்று பார்க்கிறார்கள். குறைந்த அளவிலிருந்து கழிவின் பசியைக் கணக்கிடுகிறார்கள். ஒட்சிசனை அளக்க 1888இல் ஹங்கேரி நாட்டு விங்க்லர் கண்ட முறை இன்றும் வழக்கிலுள்ளது. அம்முறையில் தயோசல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். அக்கரைசலின் வலிமை நாளடைவில் மாறும். ஆகவே அதைத் தூய பொற்றாசியம் அயடேற்று அல்லது இருகுரோமேற்றைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அந்த உப்பை நிறுக்கத் தராசு வேண்டும். அத்தராசின் படிக்கல் நாட்டின் மூலப் படிக்கல்லோடு ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்து ஓடையின் ஒரு புட்டி நீர் இவ்வாறு சங்கிலித் தொடராக உலகத்தின் அளவைகளோடு பிணைக்கப்படுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், இறுதியில் தாளில் எழுதப்படும் எண் வதந்திக்குச் சமானம்.

அறுந்ததா இல்லையா என்று எப்படி அறிவது? இதற்கே தர உறுதிப்பாடு என்று பெயர். மாதிரி நீரோடு கூடவே, கழிவு எதுவும் கலவாத வெற்றுநீரையும் ஒரு புட்டியில் வைக்கிறார்கள். அதில் ஒட்சிசன் கணிசமாகக் குறைந்தால் ஆய்வுகூடத்து நீரே அழுக்கு என்று பொருள். ஒரே மாதிரியை இரண்டு புட்டிகளில் வைத்து இரண்டு விடைகளும் இசைகின்றனவா என்று பார்க்கிறார்கள். மூன்றாவதாக, விடை தெரிந்த கரைசல் ஒன்றை வைக்கிறார்கள். குளுக்கோசும் குளுற்றாமிக் அமிலமும் இலீற்றருக்கு 150 மில்லிகிராம் வீதம் கலந்த கரைசல் அது. நியம முறைகள் நூலின்படி, 20 பாகையில் 5 நாள் வைத்தால் அதன் பி.ஓ.டி. 198 வரவேண்டும், 30.5 கூடலாம் அல்லது குறையலாம். இந்த எல்லைக்குள் வராவிட்டால் அன்று சோதித்த மற்ற மாதிரிகளின் எண்களும் சந்தேகத்துக்குரியவை. இவ்விடைகளை நாள்தோறும் ஒரு வரைபடத்தில் புள்ளியிட்டு வருவர். அமெரிக்கத் தொலைபேசித் தொழிற்சாலையின் பிழைகளை ஆராய 1924இல் ஷூவார்ட் வரைந்த வரைபடமே இதற்கு மூலம். புள்ளிகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கினால், பிழை பெரிதாவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். இறுதியாக, பல ஆய்வுகூடங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி விடைகளை ஒப்பிடுவதும் உண்டு. இது ஆய்வுகூடங்களுக்கே வைக்கும் பரீட்சை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாகச் செய்த சோதனையிலும் 198க்கு முப்பது ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது. அப்படியானால் எல்லை 30 என்றிருக்க, ஓர் அறிக்கை 29 என்று கூறினால் ‘சட்டத்துக்குட்பட்டது’ என்று துரைமார் மகிழ்வதற்கும், 31 என்று கூறினால் ‘நஞ்சு’ என்று நாம் கூவுவதற்கும் இடமில்லை. எத்தனை ஏற்றத்தாழ்வோடு இந்த எண் சொல்லப்படுகிறது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த ஏற்பாடுகள் எப்படி வளர்ந்தன? 1955இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1964இல் கட்டளைகள் பணியகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீருக்கான இலங்கைக் கட்டளை 614 முதலில் 1983இல் வெளிவந்து 2013இல் திருத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 2005இன் 32ஆம் இலக்கச் சட்டம் ஆய்வுகூடங்களின் தகுதியைச் சோதித்து அங்கீகரிக்கும் சபை ஒன்றை நிறுவியது. 1999இல் வகுக்கப்பட்டு 2017இல் திருத்தப்பட்ட 17025 என்னும் சர்வதேச நியமமே அந்த அங்கீகாரத்துக்கு அடிப்படை. ஆக, கட்டளைக்கல் நாட்டுக்குள் வந்துவிட்டது.

தோட்டத்துக்குள் வந்ததா? 1948இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவன் வாசலுக்குக் குழாயும் வராது, பரிசோதகரும் வரமாட்டார். சப்ரகமுவையின் தமிழ்த் தொழிலாளர், நுவரெலியாவைப் போலன்றிச் சிறுசிறு தொகுதிகளாகச் சிதறி வாழ்பவர்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் அவர்கள்மீது நடந்த தாக்குதல்கள் அந்தத் தனிமையின் ஆபத்தைக் காட்டின. குடியுரிமை மீண்ட பின்னரும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அவர்களின் வாக்கைப் பெற்ற சபை, அவர்களின் பீலிக்குச் செலவு செய்ய இயலாதிருந்தது! இத்தடை 2018இல்தான் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. ஆணை உண்டு, கல் இல்லை என்று நாம் முன்னர்க் கூறியது இதைத்தான்.

சோதனை நிகழும்போதும், ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வெளியே பிழைகள் காத்திருக்கின்றன. தொழிற்சாலை உருளைகள் ஓடும் வேளையில் மாதிரி எடுத்தார்களா, விடுமுறை நாளில் எடுத்தார்களா? மழை வெள்ளம் கழிவை அடித்துச் சென்ற மறுநாளா, வறண்ட மாசியிலா? கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் எடுத்தார்களா? நுண்ணுயிர்ச் சோதனைக்கான நீரைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். குளோரின் இட்ட நீராயின் அதன் செயலை நிறுத்தும் தயோசல்பேற்றுப் புட்டியில் முன்பே இருக்க வேண்டும். மலைப்பாதையில் பஸ் மாறிப் பஸ் ஏறி, வெயிலில் வெந்து வரும் புட்டியைப் பற்றி எவ்வளவு நுட்பமான கருவியும் உண்மை சொல்லாது. அக்கறையின்றி எடுத்த மாதிரி, அக்கறையோடு செய்த சோதனையையும் பொய்யாக்கிவிடும்.

இந்தப் பிழைகளின் விலை என்ன என்பதற்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்வோம். இரண்டும் சப்ரகமுவைக்கு வெளியே நடந்தவை. ஆனால் பாடம் அதற்கும் உரியது. கம்பஹா மாவட்டத்து வெலிவேரிய, ரத்துபஸ்வலப் பகுதி மக்கள், இறப்பர்க் கையுறைத் தொழிற்சாலையின் கழிவால் தம் கிணறுகள் அமிலமாகிவிட்டன என்று முறையிட்டனர். 2013 ஆகஸ்ட் 1ஆம் நாள் வீதியில் இறங்கிய அம்மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் மாண்டனர். ஈரவலயத்துச் செம்புரைக்கல் நிலத்தின் கிணற்றுநீர் இயற்கையாகவே சற்று அமிலத் தன்மை உடையது என்பது உண்மை. அந்த உண்மையே தொழிற்சாலைகளுக்குக் கேடயமாகவும் பயன்படக் கூடியது. இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கு, தொழிற்சாலை வருமுன் நீர் எப்படியிருந்தது என்ற பதிவும், தொலைவிலும் அருகிலும் உள்ள கிணறுகளின் ஒப்பீடும், இருதரப்பாரும் நம்பும் ஆய்வுகூடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அமிலத்தை அளக்கும் மானியை அறிந்த கரைசல்களில் தோய்த்துச் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும். மக்களின் நம்பிக்கையைச் சரிபார்க்க அத்தனை எளிதான கரைசல் இல்லை.

மற்றையது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்று மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் எண்ணெய் உண்டு என்றன. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு அபாயகரமான மாசு இல்லை என்றது. எந்தத் தாளை நம்பித் தாய் தன் பிள்ளைக்கு நீர் கொடுப்பாள்? வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. இரண்டு விஞ்ஞான அறிக்கைகளுக்கிடையே எது உண்மை என்று நீதிபதிகள் தீர்மானிக்க வேண்டி வந்தது. முன்பு இலண்டனில் இரு இரசாயனர்களுக்கிடையே நடந்த பூசல், நம் மண்ணில் கிணற்றடிக்கு வந்துவிட்டதைக் காண்கிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். தர உறுதிப்பாடு, ஒப்பளவுப் பொருள் என்றெல்லாம் பேசுவது பணக்கார நாடுகளின் ஆடம்பரம். ஓடை நாறுவது மூக்குக்குத் தெரிகிறது, அதற்கு டொலர் கொடுத்து இறக்குமதி செய்த புட்டி எதற்கு என்று சிலர் கேட்பர். கேள்வியில் நியாயம் உண்டு. ‘உங்கள் சோதனை அங்கீகாரம் பெற்றதன்று’ என்று சொல்லி ஏழைகளின் முறைப்பாட்டைக் குப்பையில் போட அதிகாரமும் பணமும் தயங்குவதில்லை. ஆகவே நாம் இரண்டையும் வற்புறுத்த வேண்டும். மக்களின் கண்ணும் மூக்கும் முதற் சாட்சிகள். சோதனை முடியும்வரை மாற்றுக் குடிநீர் கொடுத்துவிட்டு ஆராய்வதே மனித நீதி. அதே சமயம், பலவீனமான எண்ணோடு நியாயசபைக்குப் போனால், எதிர்தரப்பு வக்கீல் ஒரு கேள்வியில் அதை உடைத்துவிடுவார். அந்நியச் செலாவணியும் செல்வாக்கும் உடையவனுக்குச் சரியான சோதனை எப்போதும் கிடைக்கும். இல்லாதவனுக்குத்தான் பொதுப் பணத்தில் இயங்கும் நேர்மையான ஆய்வுகூடம் உயிர்நாடி.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது என்ன? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரச அதிகாரசபைகளிடமுள்ள நீர்ச் சோதனை அறிக்கைகளை அதன்படி கேட்டுப் பெறலாம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியாதலின், தமிழில் கேட்கவும் தமிழில் பெறவும் உரிமை உண்டு. அறிக்கை வந்தால் ஐந்து கேள்விகளைக் கேட்போம். மாதிரியை யார், எங்கே, எந்த வேளையில் எடுத்தார்? எத்தனை மணி நேரத்தில் ஆய்வுகூடம் சேர்ந்தது? எந்த முறையில் சோதித்தனர்? வெற்றுநீரும் அறிந்த கரைசலும் அன்று என்ன விடை தந்தன? எண்ணின் ஏற்றத்தாழ்வு எவ்வளவு? இவற்றுக்கு விடை சொல்லும் ஆய்வுகூடத்தை நாம் மதிப்போம். விடை சொல்ல மறுப்பது எதுவாயினும், அதன் முத்திரையைக் கண்டு மயங்கோம்.

பள்ளிக்கூடத்திலும் தொடங்கலாம். 1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவர் தோழர்களும் மலினமான சோதனை ஒன்றை வெளியிட்டனர். மருந்தூட்டிய காகிதத் துண்டு உள்ள புட்டியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்போடு சேர்ந்துவரும் பற்றீரியா இருக்குமாயின் ஓரிரு நாளில் அது கறுத்துவிடும். கறுத்தால் ஐயம், கறுக்காவிட்டால் ஓரளவு நிம்மதி. தீர்ப்பு இதுவன்று, எச்சரிக்கை மாத்திரமே. இதைச் செய்யும் மாணவர் பீலிநீருக்கு ஒரு புட்டி வைக்கும்போது, நன்கு கொதித்து ஆறிய நீருக்கு ஒன்றும், அழுக்கென்று தெரிந்த கான்நீருக்கு ஒன்றும் கூடவே வைக்கட்டும். கொதித்த நீர் கறுத்தால் தம் கை சுத்தமில்லை என்று அறிவர். கான்நீர் கறுக்காவிட்டால் தம் காகிதம் பழுது என்று அறிவர். நாளும் வேளையும் மழையும் குறித்து ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். சோதித்த புட்டிகளைக் கையால் தொடாமல், வெளிற்றும் தூள் இட்டு அப்புறப்படுத்தட்டும். கொப்பியின் பக்கங்கள் நிறைந்தபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபை உறுப்பினரையும் அதே பீலியடிக்கு அழைத்து வந்து காட்டட்டும்.

நிறுவைக் கொட்டகையில் தன் பாலுக்குக் கருவி வைக்கப்படும்போது, ‘அந்தக் கருவியை என் முன்னால் சரிபார்’ என்று கேட்கத் துணிந்த தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தம் நீருக்கும் அவ்வாறே கேட்க அவர்களைப் பழக்குவது ஆசிரியராகிய நம் பொறுப்பு. அந்தப் பழக்கம் தோட்டந்தோறும் பரவுமாயின், ஆய்வுகூடத்திலிருந்து வரும் எண்ணை யாரும் அவர்கள் தலைமேல் ஆணையாகச் சுமத்த இயலாது. அதை அவர்களே உரைத்துப் பார்ப்பார்கள்.